அறுபத்து நான்கு கட்டங்களும் ஐம்பது ஏக்கர் வயலும்

18446744073709551615.

இருபது இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு நா தடுமாறும். தமிழ் முறைப்படி சொல்வதானால், ஓர் இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி. அதன் மேல் நாற்பத்து நான்கு இலட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி. அதன் மேலும் தொண்ணூற்றைந்து இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.

பேரெண்கள் தமிழருக்குப் புதியவை அல்ல. ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப் பெயர்களுக்குத் தொல்காப்பியம் தனியே விதி கூறுகின்றது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பவற்றை அதற்கு உதாரணமாக உரையாசிரியர்கள் காட்டுவர். பூவுக்கும் நீருக்கும் வைத்த பெயர்களையே பேரெண்களுக்கும் வைத்த மொழி நம்முடையது. ஆயினும் பெயர் வைப்பது வேறு, அளவை உணர்வது வேறு.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்திப் பத்திரிகைகளில் பணியாற்றியவன் என்ற வகையில் இதனைச் சொல்கின்றேன். வரவு செலவுத் திட்டம், விளைச்சல், வாக்கு எண்ணிக்கை, வெள்ள நிவாரணம் என்று நாள்தோறும் எண்களை அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். எண் நீள நீள வாசகரின் கண் அதன்மீது நில்லாமல் தாண்டி ஓடிவிடும். இருபது கோடி என்றாலும் இருநூறு கோடி என்றாலும் தேநீர்க் கடையில் எழும் பெருமூச்சு ஒன்றேதான். எண்ணைக் கைக்கு அகப்படும் ஓர் அளவையாக மாற்றிக் கொடுத்தாலன்றி அது விளங்குவதில்லை. மேலே தந்த எண்ணை எங்கள் கல்முனைக் கரையின் அளவைகளில் ஒருமுறை அளந்து பார்க்கலாம் என்பதே இப்பதிவின் நோக்கம். அளந்து முடித்தபின் சொல்ல வேண்டிய வேறொரு விடயமும் உண்டு.

எண்ணின் பிறப்பை முதலில் சொல்லிவிடுகின்றேன். கதை உங்களில் அநேகருக்குத் தெரிந்ததே. சதுரங்கத்தைக் கண்டுபிடித்து அரசனுக்குக் காட்டிய அறிஞன் ஒருவனிடம், "என்ன பரிசு வேண்டும், கேள்" என்றான் அரசன். "பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானிய மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, இவ்வாறு ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டித்து அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் தாருங்கள், போதும்" என்றான் அவன். இவ்வளவு அற்பமாகவா கேட்பது என்று அரசன் நகைத்தான். கணக்கர் கணக்கிட்டு முடித்தபோது வந்து நின்ற எண்தான் மேலே உள்ளது.

இக்கதை இந்தியாவைக் களமாகக் கொண்டது. ஆனால் அதனை எழுத்தில் காத்துத் தந்தவர்களுள் அரபு நூலாசிரியர்களின் பங்கு பெரியது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்-யஃகூபியின் வரலாற்று நூலில் இது உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திமிஷ்கில் நீதிபதியாக இருந்த இப்னு கல்லிக்கான் தமது புகழ்பெற்ற வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பிலும் இதனை எழுதினார். பக்தாதின் பெரும் சதுரங்க வீரரான அஸ்-ஸூலியைப் பற்றிச் சொல்லுமிடத்தில், இவர்தாம் சதுரங்கத்தை உருவாக்கியவர் என்று மக்கள் தவறாக எண்ணுகின்றனர் எனத் திருத்தி, அதனை ஆக்கியவர் இந்தியாவின் ஸிஸ்ஸா இப்னு தாஹிர் என்று கூறி, இந்தத் தானியக் கதையையும் அவர் சேர்த்தார்.

இப்னு கல்லிக்கானிடம் எனக்குப் பிடித்த விடயம் ஒன்றுண்டு. அவர் கதையைக் கேட்டவுடன் நம்பிவிடவில்லை. ஒரு மணியில் தொடங்கியது அவ்வளவு தூரம் போகுமா என்று ஐயுற்றார். பின்னர் அலெக்ஸாந்திரியாவில் சந்தித்த ஒரு கணக்காளர் தாளில் எழுதிக் காட்டிய பின்னரே தெளிந்தார். அந்தக் கணக்காளர் வெறும் இலக்கங்களை எழுதிக் காட்டவில்லை. பதினாறாம் கட்டத்து 32,768 மணிகளை ஒரு 'கதஹ்' எனக் கொண்டார். இருபதாம் கட்டம் ஒரு 'வைபா' ஆயிற்று. நாற்பதாம் கட்டத்தில் ஒரு தானியக் களஞ்சியமே நிறைந்தது. ஐம்பதாம் கட்டத்தில் அத்தகைய களஞ்சியங்கள் 1,024. அதனை ஒரு நகரம் என வைத்துக்கொண்டார். அறுபத்து நான்காம் கட்டத்துக்கு அத்தகைய நகரங்கள் 16,384 வேண்டும். அவ்வளவு நகரங்கள் உலகில் ஏது? நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

பெயர் தெரியாத அந்தக் கணக்காளரை நான் எங்கள் தொழிலுக்கு முன்னோடி என்பேன். எகிப்தின் அளவைகளில் அவர் செய்ததையே எங்கள் ஊர் அளவைகளில் செய்து பார்ப்போம்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக நீளும் எங்கள் ஊர்களுக்குக் கிழக்கே வலை, மேற்கே வயல். சம்மாந்துறைப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்தான். நிலத்தின் பரப்பையே விதைநெல்லின் அளவால் சொன்ன ஊர்கள் இவை; இத்தனை அவணக் காணி என்றால்தான் மூத்தவர்களுக்கு விளங்கும். என் சிறு பராயத்தில் எருமைகளை வளைத்துச் சூடு மிதித்தார்கள். களத்தில் குவிந்ததைப் 'பொலி' என்றார்கள். மரைக்காலால் அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்று எண்ணமாட்டார்கள். 'லாபம்' என்று தொடங்கி, அடுத்ததை 'இரண்டு' என்பார்கள். சதுரங்கக் கதையின் முதல் மணிக்கும் அந்தப் பெயரே பொருத்தம். யாருக்கு லாபம் என்பதுதான் கேள்வி.

இன்று புசலும் கிலோவும் வந்துவிட்டன. ஒரு நெல்மணியின் நிறையை ஏறத்தாழ 25 மில்லிகிராம் என்று கொள்வோம். இனத்துக்கு இனம் இது வேறுபடும். சம்பா இதனிலும் இலேசானது. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. ஏக்கருக்கு நூறு புசல் கண்டால் எங்கள் பக்கத்தில் நல்ல விளைச்சல் என்போம்.

சதுரங்கப் பலகையில் எட்டு வரிசைகள். வரிசைக்கு எட்டுக் கட்டங்கள். முதல் வரிசை முடிவில் மொத்தம் 255 மணிகள், ஆறு கிராம் சொச்சம். கோழிக்குஞ்சுக்குப் போடவும் போதாது. இரண்டாம் வரிசையையும் சேர்த்தால் 65,535 மணிகள், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். குற்றிப் புடைத்தால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சோறு. மூன்றாம் வரிசை முடிவில் இருபது புசல். நான்காம் வரிசை முடிவில், அதாவது பலகையின் சரிபாதியில், 4,294,967,295 மணிகள். நிறை 107 தொன். ஐயாயிரத்து நூறு புசலுக்குச் சற்று மேல்.

இங்கே சற்று நிற்போம். ஐயாயிரத்து நூறு புசல் என்பது ஐம்பத்தொரு ஏக்கரின் ஒரு போக விளைச்சல். எங்கள் பகுதியில் பெருநிலக்காரரைப் போடியார் என்போம். ஐம்பது ஏக்கர் செய்த போடியார்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். ஆக, அரசனோ பேரரசனோ வேண்டாம். பாதிப் பலகைக் கடனை எங்கள் ஊர்ப் போடியார் ஒருவரே ஒரே போகத்தில் தீர்த்துவிடலாம்! முப்பத்திரண்டு கட்டங்கள் கடந்தும் ஆபத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் இதன் பொருள். பாதி வழி வந்துவிட்டோம், பாரம் தாங்கக்கூடியதாகத்தான் இருக்கிறது, மீதியும் இவ்வாறே போகும் என்று போடியார் எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

ஐந்தாம் வரிசை முடிவில் 27,500 தொன். பதின்மூவாயிரம் ஏக்கர் வேண்டும். ஆறாம் வரிசை முடிவில் 70 இலட்சம் தொன். இலங்கை முழுவதும் நல்ல ஆண்டொன்றில் விளையும் நெல் ஏறத்தாழ 50 இலட்சம் தொன்தான், நாடு முறிந்துவிட்டது. ஏழாம் வரிசை முடிவில் 180 கோடி தொன். உலகம் முழுவதும் இரண்டு ஆண்டுகளில் விளைவதற்கும் அதிகம். எட்டாம் வரிசை முடிவில் 46 ஆயிரம் கோடி தொன். இலங்கை மட்டும் இதனைக் கொடுத்துத் தீர்ப்பதாயின் 92 ஆயிரம் ஆண்டுகள் செல்லும். அவ்வளவு காலமும் நாம் ஒரு பிடி உண்ணவும் கூடாது!

இனி இவ்வெண்ணின் கணிதக் குணங்களுக்கு வருவோம்.

முதலாவது குணம் எளியது. எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதில் உள்ளது அதற்கு முன்னுள்ள எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகையிலும் ஒன்று அதிகம். நான்காம் கட்டத்தில் 8. முன்னுள்ளவை 1, 2, 4, கூட்டினால் 7. ஐந்தாம் கட்டத்தில் 16. முன்னுள்ளவற்றின் கூட்டு 15. கடைசிக் கட்டம் வரை இந்த ஒழுங்கு மாறுவதில்லை. அதாவது அறுபத்து மூன்று கட்டங்களுக்கும் கொடுத்து முடித்தவன் பாதிக் கடனைக்கூட இன்னும் தீர்க்கவில்லை. கடைசி அடி ஒன்றே அதுவரை நடந்த வழி முழுவதிலும் நீளமானது.

இதிலிருந்தே ஒரு குறுக்கு வழி பிறக்கின்றது. அறுபத்து நான்கு எண்களையும் எழுதிக் கூட்ட வேண்டியதில்லை. அறுபத்தைந்தாம் கட்டம் ஒன்று இருப்பதாகக் கருதி, அதில் வரக்கூடிய எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குவாரிஸ்மில் பிறந்த பேரறிஞர் அல்-பீரூனி இந்த வழியையே காட்டினார். ஒரு கட்டத்தின் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், முதற் கட்டத்திலிருந்து இரு மடங்கு தூரத்திலுள்ள கட்டத்தின் எண் கிடைக்கும். ஐந்தாம் கட்டத்தின் 16 ஐ 16 ஆல் பெருக்கினால் 256. அது ஒன்பதாம் கட்டம். 256 ஐ 256 ஆல் பெருக்கினால் 65,536. அது பதினேழாம் கட்டம். இன்னொரு பெருக்கலில் முப்பத்து மூன்றாம் கட்டம். மேலும் ஒன்றில் அறுபத்தைந்தாம் கட்டம். நான்கே பெருக்கல்கள், பிறகு ஒன்றைக் கழிக்க வேண்டும். கணிப்பொறி இல்லாத காலத்தில் இருபது இலக்க எண் பிழையின்றி அவர் கைக்கு வந்தது.

அடுத்த குணம் இன்னும் அழகானது. இந்தப் பேரெண்ணை அதன் முதன்மைக் காரணிகளாகப் பிரித்தால் ஏழு எண்கள் கிடைக்கின்றன: 3, 5, 17, 257, 641, 65,537, 6,700,417. (இலங்கைப் பாடநூல்களில் முதன்மை எண் என்பதைத் தமிழ்நாட்டில் பகா எண் என்பர்.) இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. ஆதலால் இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கக்கூடிய எண்கள் மொத்தம் 128.

இந்த ஏழில் 3, 5, 17, 257, 65,537 என்னும் ஐந்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இவை யாவும் சதுரங்கக் கட்டமொன்றின் எண்ணுடன் ஒன்றைக் கூட்ட வருபவை. 2 உடன் 1, 4 உடன் 1, 16 உடன் 1, 256 உடன் 1, 65,536 உடன் 1. அல்-பீரூனி ஏறிய அதே படிகள்தாம்! பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் பெரும் கணித மேதை ஃபெர்மா, இந்தப் படிகளில் எவ்வளவு உயரம் போனாலும் முதன்மை எண்ணே கிடைக்கும் என்று நம்பினார். ஐந்து முறை அது சரியாக இருந்தது. ஆறாவது படி 4,294,967,297. 1732 ஆம் ஆண்டில் ஒய்லர் அதனை உடைத்துக் காட்டினார்: 641 பெருக்கல் 6,700,417. அவ்வெண்ணின் காரணி எதுவாயினும் அது 64 இன் மடங்குடன் ஒன்று சேர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்பதை அவர் பின்னர் நிறுவினார். 641 ஐப் பாருங்கள்: 64 இன் பத்து மடங்கு, கூட்டல் ஒன்று. ஃபெர்மாவின் வரிசையில் அந்த முதல் ஐந்தைத் தவிர வேறொரு முதன்மை எண் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இப்போது போடியாரின் பாதிப் பலகையை நினைவுகூருங்கள். 4,294,967,295 மணிகள். அந்த எண் வேறொன்றுமன்று. ஃபெர்மாவின் நம்பிக்கை பலித்த அந்த ஐந்து எண்களையும் பெருக்கினால் வருவதுதான். 3 பெருக்கல் 5 பெருக்கல் 17 பெருக்கல் 257 பெருக்கல் 65,537. கையில் கணிப்பொறி இருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பலகையின் முழுத் தொகையோ, இந்தப் பாதித் தொகையை ஃபெர்மாவின் கணிப்புப் பொய்த்த ஆறாவது எண்ணால் பெருக்க வருவது. போடியாரால் தாங்க முடிந்த பாதியில் ஃபெர்மாவும் சரி. தாங்க முடியாத மறுபாதியில் ஃபெர்மாவும் பிழை. இது தற்செயலான பொருத்தமே என்றாலும் எனக்கு அது பெரிய படிப்பினையாகப் பட்டது. தொடக்கம் சில முறை சரியாக வந்துவிட்டதென்பதற்காக முடிவும் அப்படியே இருக்கும் என்று நம்பியவர்களுள் பாமரரும் உண்டு, மேதைகளும் உண்டு.

கணினி யுகத்திலும் இதே ஏமாற்றம் தொடர்ந்தது. 2014 டிசெம்பரில் 'கங்னம் ஸ்டைல்' என்ற கொரியப் பாடலை யூடியூபில் பார்த்தோர் எண்ணிக்கை 2,147,483,647 ஐத் தாண்டியது. முதல் முப்பத்தொரு கட்டங்களின் கூட்டுத்தொகை அது. ஒரு காணொளியை இத்தனை முறை யாரும் பார்க்கப்போவதில்லை என்ற நினைப்பில் அந்த அளவுக்கே எண்ணும்படி முன்னர் அமைத்திருந்தார்கள். பிறகு பெரிய எண்ணுக்கு மாற்றினார்கள். இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் 64 இருமங்களில் கணக்கிடுபவை. அவ்விருமங்கள் குறிக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண், ஸிஸ்ஸா கேட்ட அதே எண்.

இனி, முதலில் குறிப்பிட்ட வேறொரு விடயம்.

சதுரங்கப் பலகையில் இரட்டித்துச் செல்லும் இக்கணக்கை அரபுக் கணித நூல்கள் 'தழ்ஈஃப்' என்று அழைத்தன. இரட்டித்தல் என்பது பொருள். ழாத், ஐன், ஃபா என்னும் மூன்று எழுத்துகளாலான வேரிலிருந்து பிறந்த சொல் அது. திருக்குர்ஆனின் ஆல இம்ரான் அத்தியாயத்தில் வட்டியைத் தடுக்கும் 130 ஆம் வசனத்திலும் அதே வேரிலிருந்து பிறந்த இரு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. இரட்டித்து, மேலும் இரட்டித்துப் பெருகுவது என்ற கருத்தை அவை தருகின்றன. கணக்காளர் பலகையில் கண்ட அதே வளர்ச்சியை அந்த வசனம் கடன்பட்டவனின் தலையில் கண்டது. வட்டி ஹராம் என்று எங்கள் ஊர்களில் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அது எப்படிப் பெருகும் என்று எழுதிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பல ஆண்டுகளுக்கு முன்னர் விவசாயக் கடன் பற்றிய கட்டுரைத் தொடர் ஒன்றுக்காக எங்கள் கரையோர ஊரொன்றில் ஒரு விவசாயியைச் சந்தித்தேன். வயதில் மூத்தவர். பெரும்போகச் செய்கைக்குப் பசளையும் கிருமிநாசினியும் வாங்க, தனியார் ஒருவரிடம் இருபதாயிரம் ரூபா கடன் எடுத்திருந்தார். மாதம் நூற்றுக்குப் பத்து. கட்டாத வட்டி முதலோடு சேரும். முதல் மாதம் 22,000. இரண்டாம் மாதம் 24,200. மூன்றாம் மாதம் 26,620. வெட்டுக்கு வந்தால் தீர்த்துவிடலாம் என்று இருந்தார். அந்தப் போகம் வெள்ளத்தில் போயிற்று. அடுத்த போகத்தில் கிடைத்தது வீட்டுச் செலவுக்கே சரி. இரண்டு ஆண்டுகள் கழித்து அவரிடம் கேட்கப்பட்ட தொகை ஏறத்தாழ 197,000 ரூபா. இரண்டு ஏக்கர் காணியை எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தொகை அநியாயமாகக் கூட்டப்பட்டது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். என்னுடைய குறிப்புப் புத்தகத்தில் மாதம் மாதமாக எழுதிக் காட்டினேன். இருபத்து நான்கு வரிகள். கடைசி வரி 196,995. கணக்கில் பிழை இருக்கவில்லை. கணக்கே அநியாயமாக இருந்தது. வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"இதை ஆராவது அண்டைக்கே இப்பிடி எழுதிக் காட்டியிருந்தா நான் கையெழுத்து வெச்சிருக்க மாட்டன் தம்பி."

"உங்கட பேரைப் போடாமத்தான் எழுதுவன் காக்கா" என்றேன்.

"பேரப் போடாட்டியும் கணக்கப் போடுங்க" என்றார் அவர்.

கட்டுரையில் அந்த இருபத்து நான்கு வரிகளையும் அட்டவணையாகவே போட்டோம்.

ஒன்றைக் கவனியுங்கள். மாதம் பத்து வீதத்தில் கடன் இரட்டிப்பதற்கு ஏழு மாதத்துக்குச் சற்று மேல் செல்லும். இருபதாயிரத்தை முதற் கட்டம் என்று வைத்தால் நாற்பதாயிரம் இரண்டாவது, எண்பதாயிரம் மூன்றாவது, ஒரு இலட்சத்து அறுபதாயிரம் நான்காவது. அந்த மனிதர் நான்காம் கட்டத்தைத் தாண்டி ஐந்தாவதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். ஓர் ஏழை வீடு இழப்பதற்கு அறுபத்து நான்கு கட்டங்கள் வேண்டியதில்லை. போடியாருக்கு முப்பத்திரண்டு கட்டம் தாங்கும்; சிறு விவசாயிக்கு நான்கு கட்டம்.

இது பழங்கதையும் அன்று. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் நொந்த பெண்கள் வீதியோரம் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். சிங்களப் பெண்களின் அந்தத் துயரமும் எங்கள் கரையோரப் பெண்களின் துயரமும் ஒரே கணக்கிலிருந்து பிறந்தவை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அந்த வேகம் நீடித்திருந்தால் பதினாறு மாதங்களில் எல்லா விலையும் இரட்டித்திருக்கும்.

கேரளத்தின் அம்பலப்புழைக் கோயிலிலும் இந்தச் சதுரங்கக் கதையை வேறு வடிவில் சொல்வர். முனிவர் வேடத்தில் வந்த கிருஷ்ணனிடம் ஆட்டத்தில் தோற்ற மன்னன் தானியக் கடனாளியானான். ஒரேயடியாகத் தீர்க்க முடியாதென்பதால், கோயிலுக்கு வருவோருக்கு நாள்தோறும் பாற்பாயசம் கொடுத்துத் தீர்த்துவா என்று அருளப்பட்டதாம். அங்கே கடன்கொடுத்தவன் கடவுளாக இருந்தபடியால் தவணை கிடைத்தது, வட்டியும் இல்லை. நம் விவசாயிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எங்கள் களத்துமேட்டில் வேறொரு கணக்கும் உண்டு. மழையால் விளைந்த நெல்லில் பத்தில் ஒன்று, நீர்ப்பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று ஸக்காத். அது கையில் வந்த பொலியின்மேல் விழும் கணக்கு. விளைச்சல் குறைந்தால் கொடுப்பதும் குறையும். கூட்டு வட்டியோ வராத விளைச்சலின்மேல் விழுவது. வயல் வெள்ளத்தில் கிடந்தாலும் அது வளர்ந்துகொண்டேயிருக்கும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மார்க்கப் பிரசங்கத்தில் கேட்பது ஒரு வகை. எட்டுக்கு எட்டுப் பலகை ஒன்றில் நெல்மணியை வைத்துப் பார்ப்பது இன்னொரு வகை. இரண்டும் வேண்டும் என்பேன்.

கடன்பத்திரம் ஒவ்வொன்றின் பின்புறத்திலும், மாதம் மாதமாக என்ன தொகை வரும் என்று கடைசித் தவணை வரை கடன்பெறுபவரின் மொழியில் எழுதிக் கொடுப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. வட்டி வீதத்தை மட்டும் எழுதுவது முதற் கட்டத்து மணியை மட்டும் காட்டுவது போன்றது. பாடசாலைகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பலகையை வரைந்து காட்ட ஒரு பாடவேளை போதும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொல்லும்.

அதுவரைக்கும் ஒரு சிறு சூத்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுபதை வட்டி வீதத்தால் வகுத்தால் வருவது, கடன் இரட்டிப்பதற்குச் செல்லும் காலம். மாதம் பத்து வீதமென்றால் ஏழு மாதம். மாதம் ஐந்தென்றால் பதினான்கு மாதம். ஆண்டுக்குப் பதினான்கு வீதமென்றால் ஐந்து ஆண்டு. துல்லியமான விடை அன்று. ஆனால் கையெழுத்து வைப்பதற்கு முன் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்க இது போதும். தோஹாவிலும் ரியாதிலும் இருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் எங்கள் பிள்ளைகள், வீட்டில் என்ன கடன் உண்டு, எத்தனை வீதம், எத்தனையாம் கட்டத்தில் நிற்கிறது என்று அடுத்த அழைப்பில் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

மராட்டியப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர் கண்டெடுத்த 6174 என்ற நாலிலக்க எண்ணைப் பற்றியும் எழுத எண்ணம் உண்டு. அதனைப் பிறிதொரு பதிவில் பார்ப்போம்.